மேற்கோளும் களவும்: தமிழ் உரைமரபு முதல் தெம்பனிஸ் வரை

முன்னுரை

பல்கலைக்கழகங்களில் ஆய்வேடு எழுதும் மாணவர்க்கு முதலில் உணர்த்தப்படும் விதிகளுள் ஒன்று, பிறர் எழுத்தையும் கருத்தையும் எடுத்தாளும்போது அவற்றின் மூலத்தைக் குறிப்பிட வேண்டும் என்பதாகும். இவ்விதியை மேலைநாட்டுக் கல்வி முறையிலிருந்து வந்த கட்டுப்பாடாகவும், தண்டனைக்கு அஞ்சிப் பின்பற்ற வேண்டிய ஒன்றாகவும் கருதும் போக்கு தமிழ் பயிலும் மாணவரிடையே காணப்படுகிறது. தமிழ் மரபில் மேற்கோள் பெற்றிருந்த இடத்தை வரலாற்று நோக்கில் ஆராய்ந்து, அம்மரபு இன்றைய ஆய்வு மாணவர்க்கு உணர்த்துவது யாது என்பதைக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கள்ளக்கவி

பிறர் படைப்பைத் தமதெனக் கூறும் செயலைத் தமிழ் இலக்கண நூலார் அறிந்திருந்தனர். பாட்டியல் நூல்கள் புலவரை வகைப்படுத்துமிடத்து, பிறர் பாடிய செய்யுளைத் தன் செய்யுளாகக் காட்டுபவனைக் ‘கள்ளக்கவி’ எனச் சுட்டுகின்றன. இன்று ‘கருத்துத் திருட்டு’ என நாம் வழங்கும் சொல்லாட்சிக்கு இது முன்னோடி எனலாம். திருட்டு என்னும் உருவகமே அன்றும் இன்றும் ஆளப்படுவது குறிப்பிடத்தக்கது.

முதல்நூலும் வழிநூலும்

தொல்காப்பிய மரபியல் நூல்களை முதல்நூல், வழிநூல் எனப் பகுக்கின்றது. வழிநூலைத் தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்ப்பு என நான்காக வகுக்கின்றது. சுருக்கி எழுதுவதும் மொழிபெயர்த்து எழுதுவதும் முதல்நூலின் வழிப்பட்டவையே என்பது இதனாற் பெறப்படும். மேலும், நூலாசிரியர் கையாளும் உத்திகளுள் ‘தன்கோட் கூறல்’, ‘பிறன்கோட் கூறல்’ என்பன தனித்தனியே வைக்கப்பட்டுள்ளன. தன் கருத்து எது, பிறர் கருத்து எது என்பதைப் படிப்போர் பிரித்தறிய வேண்டும் என்ற எண்ணத்தையே இப்பகுப்பு காட்டுகின்றது. தொல்காப்பியர் நூல் முழுவதும் ‘என்ப’, ‘என்மனார்’ என முன்னையோரைச் சுட்டிச் செல்வதும் இவ்வழிப்பட்டதே.

இவ்விடத்து ஓர் ஐயம் எழக்கூடும். நன்னூலில் பழைய சூத்திரங்கள் சில அவ்வாறே எடுத்தாளப்பட்டுள்ளன. அது களவன்றோ? நன்னூற் பாயிரமே இதற்கு விடை தருகின்றது. முன்னோரின் பொருளையேயன்றி அவர்தம் சொற்களையும் மதிப்பதற்காகவும், அவர்களுக்கு மாறான புதுநூல் செய்வதாகத் தாம் உரிமை கொண்டாடவில்லை என்பதைக் காட்டுவதற்காகவுமே பழஞ்சூத்திரம் எடுத்தாளப்படுவதாக அது விளக்குகின்றது. தொல்காப்பியத்தை மனனம் செய்த அக்காலக் கற்றோர்க்கு ஒரு சூத்திரத்தைக் கேட்ட அளவிலேயே அதன் பிறப்பிடம் விளங்கிவிடும். ஆதலின் எடுத்தாள்வதே அங்கு மூலத்தை அறிவிப்பதாயிற்று. இன்றைய வாசகர்க்கும் எழுதுவோர்க்கும் இடையே அத்தகைய பொது மனனம் இல்லை. ஆகவே, “முன்னோரும் பெயர் சுட்டாது எடுத்தாண்டனர்” என்னும் வாதம் இன்று பொருந்தாது.

‘என்றார் பிறரும்’

உரையாசிரியர்களின் மேற்கோள் முறையிலும் ஒரு குறை உண்டு. பதினான்காம் நூற்றாண்டினராகக் கருதப்படும் நச்சினார்க்கினியர் தம் உரைகளில் எண்ணற்ற மேற்கோள்களைத் தருகின்றார். எனினும் பல இடங்களில் ‘என்றார் பிறரும்’ என்று கூறி அமைகின்றாரேயன்றி, அப்பிறர் யார், நூல் எது என்பதைக் குறிப்பதில்லை. சீவக சிந்தாமணியை 1887இல் பதிப்பித்த உ.வே. சாமிநாதையர் இதனால் உற்ற இடர்ப்பாட்டைத் தம் ‘என் சரித்திரம்’ நூலில் விவரித்துள்ளார். சங்க நூல் ஏடுகள் அவர் கைக்கு வந்து, அவற்றை அவர் முறையாகப் பயின்ற பின்னரே அம்மேற்கோள்கள் பலவற்றின் பிறப்பிடம் புலனாயிற்று. தம் பதிப்புகளில் உரையில் வரும் மேற்கோள்களின் மூலங்களைத் தேடிக் காட்டுவதை அவர் இன்றியமையாத பணியாகக் கொண்டதற்கு இவ்வனுபவமும் ஒரு காரணம் எனலாம். ஒருவர் குறிக்காது விட்ட நூற்பெயரைத் தேடிப் பின்வந்த ஒருவர் ஆண்டுக்கணக்கில் உழைக்க நேர்ந்தது.

இதற்கு மறுதலையாக அமைந்தது புறத்திரட்டு என்னும் தொகைநூல். பழைய நூல்கள் பலவற்றினின்றும் செய்யுள்களைத் தொகுத்த அதன் தொகுப்பாசிரியர், அவை எந்நூலைச் சார்ந்தவை என்பதையும் குறித்து வைத்தார். எஸ். வையாபுரிப் பிள்ளை அதனைச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் வழி 1938இல் பதிப்பித்தார். முத்தொள்ளாயிரம் முழுமையாகக் கிடைக்கவில்லை. இன்று நாம் படிக்கும் நூற்றுக்கும் மேற்பட்ட வெண்பாக்கள் புறத்திரட்டின் வழியே கிடைத்தவை. ஐம்பெருங்காப்பியங்களுள் ஒன்றான வளையாபதியிலும் எஞ்சியுள்ள செய்யுள்களுட் பெரும்பான்மையானவை இவ்வாறு காக்கப்பட்டவையே. மயிலை சீனி. வேங்கடசாமி ‘மறைந்துபோன தமிழ் நூல்கள்’ என்னும் நூலை எழுத இயன்றதும் உரைகளிலும் தொகைகளிலும் எஞ்சிய இத்தகைய குறிப்புகளாலேயே ஆகும். நூல் அழிந்த பின்னும் அதன் பெயரை நிலைக்கச் செய்வது மேற்கோள்.

தெம்பனிஸ்: ஓர் எடுத்துக்காட்டு

மூலத்தைக் காட்டாது எடுத்தெழுதுவதால் நேரும் தீங்கு பழைய நூல்களோடு நின்றுவிடுவதில்லை. தாம் வாழும் வட்டாரத்தின் வரலாற்றை எழுத விழையும் சிங்கப்பூர் மாணவர் ஒருவர் தெம்பனிஸ் நகரைத் தேர்ந்தெடுப்பதாகக் கொள்வோம். இந்நகர் 1992இல் உலகக் குடியிருப்பு விருதைப் பெற்றது. இவ்விருது ஐக்கிய நாடுகள் அமைப்பு வழங்கியது என்றும், அவ்வமைப்பின் ஒரு பிரிவு வழங்கியது என்றும் எழுதப்படுவதைக் காணலாம். உண்மையில் இதனை வழங்கியது பிரிட்டனில் 1976இல் நிறுவப்பட்ட, கட்டடம், சமூக வீடமைப்பு ஆகியவற்றிற்கான தன்னாட்சி அறக்கட்டளையாகும். அவ்வறக்கட்டளை ஐக்கிய நாடுகள் அமைப்பின் உறுப்பன்று. விருதளிப்பு ஐக்கிய நாடுகள் அமைப்பின் உலகக் குடியிருப்பு நாள் நிகழ்வோடு இணைந்து நடைபெற்று வந்தமையால் இம்மயக்கம் தோன்றியிருத்தல் கூடும்.

இங்கு நோக்கத்தக்கது பிழை தோன்றியமையன்று. அது பரவும் முறையேயாகும். ஒருவர் எழுதியதை மற்றொருவர் மூலம் சுட்டாது எடுத்தெழுத, அவரிடமிருந்து வேறொருவர் எடுத்தெழுத, முடிவில் பலர் தனித்தனியே உறுதி செய்த உண்மை போல் அச்செய்தி தோற்றம் கொள்கின்றது. ஒவ்வொருவரும் தாம் எடுத்த இடத்தைக் குறித்திருப்பின், பின்வருவோர் அத்தடத்தைப் பின்பற்றிச் சென்று பிழையின் தோற்றுவாயை அடைதல் எளிதாகும்.

இந்நகரின் பெயர் குறித்த செய்தியும் இவ்வாறே. இப்பெயர் தெம்பினிஸ் என மலாய் மொழியில் வழங்கும் வன்மரத்தினின்று வந்தது என்றும், பிராங்க்ளின், ஜாக்சன் ஆகியோரின் 1828ஆம் ஆண்டு வரைபடம் வரை அது பின்னோக்கிச் செல்கிறது என்றும் இடப்பெயர் நூல்கள் கூறும். வரைபடத்தைத் தாமே கண்ட மாணவர் வரைபடத்தைச் சான்றாகக் காட்டலாம். இடப்பெயர் நூலில் மட்டுமே படித்தவர், அந்நூல் எடுத்துக்காட்டியவாறு எனக் குறிப்பதே நேர்மை. காணாத சான்றைக் கண்டதுபோல் அடிக்குறிப்பில் இடுவதும் களவின் ஒரு வகையே.

ஆய்வு மாணவர் கருத வேண்டியவை

முதலாவதாக, பிறர் சொற்களை அவ்வாறே எடுப்பின் மேற்கோட்குறியும் பக்க எண்ணும் வேண்டும். சொற்களை மாற்றிக் கருத்தை மட்டும் எடுப்பினும் மூலத்தைச் சுட்டுதல் வேண்டும். சொல் மாறுவதால் கருத்தின் உரிமை மாறுவதில்லை.

இரண்டாவதாக, ஆங்கிலத்திலோ மலாயிலோ உள்ள பத்தியைத் தமிழாக்கி எழுதுவது தமிழ் மாணவர் பெரிதும் எச்சரிக்கையாக இருக்க வேண்டிய இடமாகும். எழுத்தொப்புமையைக் காணும் மென்பொருள்கள் மொழி மாறிய பகுதிகளை எளிதில் கண்டுகொள்வதில்லை. எனினும் மொழிபெயர்ப்பு வழிநூலே என்னும் தொல்காப்பிய நெறி இங்கும் பொருந்தும். செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் ஆக்கித் தரும் பத்திகளுக்கும் இதுவே கருத்தாதல் வேண்டும். அக்கருவிகள் இல்லாத நூல்களையும் சான்றாகக் காட்டுவதுண்டாதலின், ஒவ்வொரு சான்றையும் நேரில் கண்டு உறுதி செய்தல் கடமையாகும்.

மூன்றாவதாக, பழந்தமிழ் நூல்களை எடுத்தாளும்போது பதிப்பையும் குறித்தல் வேண்டும். தொல்காப்பியச் சொல்லதிகாரம் இளம்பூரணர் உரையில் 456 சூத்திரங்களாகவும், சேனாவரையர் உரையில் 463 சூத்திரங்களாகவும் அமைந்துள்ளது. உரையைக் குறிக்காது எண்ணை மட்டும் தருவது படிப்போரை வேறு சூத்திரத்திற்கு இட்டுச் செல்லும்.

நான்காவதாக, களவு பலவும் குறிப்பெடுக்கும் நிலையிலேயே தொடங்குகின்றன. ஒரு பகுதியைப் படியெடுக்கும் அப்பொழுதே ஆசிரியர், நூல், ஆண்டு, பக்கம் ஆகியவற்றை எழுதிவிடுதல் வேண்டும். திங்கள் சில கழிந்தபின், குறிப்பேட்டில் உள்ள வாக்கியம் தமதா பிறரதா என்பதை எவராலும் உறுதியாகக் கூறவியலாது. எல்லாரும் அறிந்த பொதுச் செய்திக்குச் சான்று வேண்டுவதில்லை. எது பொதுச் செய்தி என்பதில் ஐயம் எழுமாயின் சான்று காட்டுவதே தக்கது.

முடிவுரை

மூலத்தைச் சுட்டும் வழக்கம் தமிழ்க் கல்விக்குப் புதியதன்று என்பதும், அவ்வழக்கம் தளர்ந்த இடங்களில் தமிழாய்வே இடர்ப்பட்டது என்பதும் மேற்கூறியவற்றாற் புலனாகும். புறத்திரட்டின் தொகுப்பாசிரியர் தம் பெயரை நமக்கு விட்டுச் செல்லவில்லை. தாம் எடுத்த நூல்களின் பெயர்களை விட்டுச் சென்றார். இன்று ஆய்வேடு எழுதும் மாணவரிடம் பல்கலைக்கழகம் எதிர்பார்ப்பது அப்பணியின் தொடர்ச்சியையே ஆகும்.