மக்கள் தொடர்புத் தொழிலும் அதன் கல்வியும்

மக்கள் தொடர்பு அதிகாரி என்ற உத்தியோகத்திற்கு இன்று பட்டமும் பட்டயமும் உள்ளன. ஆனால் நம் நாட்டில் முதலில் தோன்றியது உத்தியோகமே. படிப்பு வெகுகாலம் கழித்தே வந்து சேர்ந்தது.

1919-ஆம் ஆண்டு ஜூன் மாதம், சிம்லாவில், இந்திய அரசாங்க உள்துறையின் கீழ்ச் சிறியதொரு செய்திப் பிரிவு அமைக்கப்பெற்றது. ஜாலியன்வாலாபாக் படுகொலை நிகழ்ந்து அப்போது இரண்டு மாதமே ஆகியிருந்தது என்பதை நாம் மறத்தலாகாது. பிரிவின் தலைவராக அமர்த்தப்பெற்றவர் பத்திரிகையாளர் அல்லர். அலகாபாத் பல்கலைக்கழகச் சரித்திரப் பேராசிரியர் ரஷ்புரூக் வில்லியம்ஸ். இந்தியாவைப் பற்றிய ஆண்டறிக்கையைப் பிரிட்டிஷ் பார்லிமெண்டுக்கெனத் தயாரிப்பதே அவருடைய முக்கியப் பணி. செய்தி நம்மைப் பற்றியது. கேட்போரோ கடலுக்கு அப்பால் இருந்தனர்! 1941-இல்தான் ஜே. நடராஜன் என்ற இந்தியர் அதன் தலைமையை ஏற்றார். 1946-இல் அது பத்திரிகைத் தகவல் அலுவலகம் எனப் பெயர் பெற்றது. இடையே, 1943-இல், டாட்டா நிறுவனத்தார் பம்பாயில் இப்பணிக்கெனத் தனிப் பிரிவு கண்டனர்.

கல்வியின் கதை வேறு. அதே 1941-இல் லாகூரில், பஞ்சாப் பல்கலைக்கழகத்தில், பிருத்வி பால் சிங் பத்திரிகைத் துறையைத் தொடங்கினார். தேசப் பிரிவினை அதனையும் விட்டுவைக்கவில்லை. டில்லிக்குப் பெயர்ந்த துறை, 1962-இல் சண்டிகாருக்குச் சென்றது. சென்னைப் பல்கலைக்கழகம் 1947-இலேயே இக்கல்வியைத் தொடங்கியது. ஆயினும் அங்கெல்லாம் கற்பித்தது செய்தி திரட்டலும் எழுதுதலுமே. ஒரு ஸ்தாபனத்தின் சார்பில் பேச விரும்பியவர் இதைப் படித்துவிட்டு, எஞ்சியதை வேலையில் அடிபட்டுக் கற்றார். கேள்வி கேட்பவனுக்கும் விடை சொல்பவனுக்கும் ஒரே பள்ளியா என்று சிலர் வினவலாம். அது குறையென்று நாம் கருதவில்லை. கேட்கும் பக்கத்தில் சிறிது காலமேனும் நில்லாதவர், எதை மறைத்தால் ஐயம் வளரும் என்பதை எங்ஙனம் அறிவார்?

தொழிலில் இருந்தோர் 1958-இல் இந்திய மக்கள் தொடர்புச் சங்கத்தைத் தோற்றுவித்தனர். அதன் முதல் அகில இந்திய மாநாடு 1968 ஏப்ரல் 21 அன்று டில்லியில் கூடியது. அதற்கு முன்னரே, 1965 ஆகஸ்டு 17 அன்று, இந்திய மக்கள் தொடர்பியல் நிறுவனத்தை அப்போதைய செய்தி ஒலிபரப்பு அமைச்சர் இந்திரா காந்தி தொடங்கிவைத்தார். தொடக்க ஆண்டுகளில் பெரும்பாலும் அரசாங்கச் செய்தி அதிகாரிகளே அங்குப் பயின்றனர். விளம்பரத்தையும் மக்கள் தொடர்பையும் இணைத்த பட்டய வகுப்பு பின்னரே வந்தது. பட்டயம் மட்டுமே அளித்துவந்த அந்நிறுவனம், 2024-இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாகி, பட்டம் வழங்கும் உரிமையையும் பெற்றது.