பிள்ளைத்தமிழ்ப் பருவமும் குழவி நடையும்

பிள்ளைத்தமிழ் என்னும் பிரபந்தத்தைப் பாடங் கேட்பார் முதற்கண் அறிவன அதன் பத்துப் பருவங்களாம். காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வாரானை, அம்புலி என்னும் ஏழும் இருபாற்கும் பொது. சிற்றில், சிறுபறை, சிறுதேர் என்பன ஆண்பாற்கும், அம்மானை, நீராடல், ஊசல் என்பன பெண்பாற்கும் சிறந்தன. அம்மானை முதலியவற்றோடு கழங்காடலை வைத்தெண்ணுவாரும் உளர். இந்நூல்களைப் பத்திச்சுவையும் சொல்லழகும் கருதிப் பயில்வார் பலர். அப்பருவங்களுட் பெரும்பாலன, கிடந்த குழவி தலை நிமிர்த்து, ஊன்றி, இருந்து, எழுந்து, நடந்து, ஓடியாடும் உடல் வளர்ச்சியை அடிதோறும் பின்பற்றிச் செல்கின்றன என்பதை நோக்குவார் சிலரே. அஃதெவ்வாறு அமைந்தது, எவ்வளவிற்கு மெய்யோடு ஒத்தது என்பதே ஈண்டு ஆராயப்படுவது.

குழந்தையைப் பாட்டுடைப் பொருளாகக் கொள்ளுதற்குத் தொல்காப்பியப் புறத்திணையியலில் விதி உண்டு. ஆயினும் அவ்விதி பருவங்களைப் பகுத்துரைத்திலது. பருவந்தோறும் பாடும் நெறியை முதன்முதல் விரிவாகக் காண்பது பெரியாழ்வார் திருமொழியிலாம். அது வைணவ நூலாயினும் உண்மையை மறைத்தல் முறையன்று. பத்துப் பருவமும் நிரம்பிய தனி நூலாக நமக்குக் கிடைத்தவற்றுள் முற்பட்டது 12-ஆம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் பாடிய குலோத்துங்க சோழன் பிள்ளைத்தமிழ். இவ்விரண்டையும் அருகருகே வைத்து நோக்கின் ஓருண்மை புலனாம். பெரியாழ்வார் தாயின் கண்கொண்டு கண்டதைக் கண்டவாறே பாடினார். ஆதலின் அவர் செங்கீரைக்கும் சப்பாணிக்கும் பின்னர்த் தளர்நடைக்கென்றே தனியொரு பதிகம் வைத்தார். குழந்தை ஓடிவந்து முதுகைக் கட்டிக்கொள்ளும் புறம்புல்கலுக்கும் ஒரு பதிகம் உண்டு. பிற்காலத்தார் பருவங்களைப் பத்தென வரையறுத்தபோது தளர்நடை தனிப்பருவமாக நில்லாது ஒழிந்தது. வாரானை ஒன்றே அதன் இடத்தை ஏற்றது. இலக்கணம் வலிபெற்ற அளவிற்குக் காட்சி சுருங்கிற்று என்பது எம் கருத்து. இதனை உடன்படாத புலவரும் உளராகலாம்.

செங்கீரையாவது இரு கையையும் நிலத்தில் ஊன்றி, ஒரு காலை மடக்கி ஒரு காலை நீட்டித் தலை நிமிர்ந்து முகம் அசைய ஆடுதல் என்பர். கீர் என்பதற்குச் சொல் எனப் பொருள் கொண்டு, குழவி மழலை தொடங்கும் பருவமே செங்கீரை என்பாரும் உளர். நூல்களுட் பயிலும் வருணனை பெரிதும் ஆடலையே சுட்டுதலின் முன்னையதே பொருந்துவதாம். சப்பாணியாவது இருகையும் சேர்த்துக் கொட்டுதல். இதன் உட்கருத்து நுண்ணிது. கை இரண்டும் கொட்டுதற்கு ஒழிய வேண்டுமாயின், குழவி கையை ஊன்றாமலே நிமிர்ந்திருக்க வல்லதாதல் வேண்டும். ஆகவே செங்கீரையில் நிலத்தைத் தாங்கிய கை சப்பாணியில் விடுதலை பெறுகின்றது. வாரானையில் அவ்விடுதலை காலுக்கும் எய்துகின்றது. இம்முறை வைப்பைக் கற்பனையால் அமைத்தல் இயலாது. பல தலைமுறைத் தாய்மார் கண்டறிந்ததே புலவர் நாவில் ஏறிற்று.

இவ்வாறு கண்டு பாடியவருள் இருவர் துறவியராயிருந்தது வியப்பே. ஸ்ரீவைகுண்டத்தில் தோன்றித் தருமபுர ஆதீனத்தைச் சார்ந்த குமரகுருபர சுவாமிகள் மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழும் முத்துக்குமாரசுவாமி பிள்ளைத்தமிழும் அருளினார். தென்காசிச் சீமைக்கு அணித்தாய விக்கிரமசிங்கபுரத்தில் தோன்றித் திருவாவடுதுறை ஆதீனத்தை அணிசெய்து 1785-இல் சிவபதம் எய்திய மாதவச் சிவஞான முனிவர், சிவஞான மாபாடியம் வகுத்த அதே கையால் குளத்தூர் அமுதாம்பிகை பிள்ளைத்தமிழும், கலைசைச் செங்கழுநீர் விநாயகர் பிள்ளைத்தமிழும் வரைந்தார். சற்காரிய வாதத்தை நிறுவிய பேராசிரியர் குழவி கைகொட்டுதலையும் பாடினார் என்பது மாபாடியம் பயில்வார் பலர் மறந்த செய்தி. சிவபெருமான் பிறப்பிலி ஆதலின் அவர்க்குப் பிள்ளைத்தமிழ் பாடும் மரபில்லை; அம்மைக்கும் பிள்ளையார்க்கும் முருகப்பெருமானுக்கும் அடியார்க்குமே அஃது உரித்தாயிற்று.

இனிக் காலக் கணக்கை நோக்குவாம். மூன்றாந் திங்கள் முதல் இருபத்தோராந் திங்கள் ஈறாக ஒற்றைபட்ட திங்களில், வளர்பிறைப் பக்கத்தில் பாடுக என்பது பாட்டியலார் விதி. 3 முதல் 21 வரை ஒற்றை எண்கள் சரியாகப் பத்து ஆகின்றமை காண்க. அவற்றைப் பருவங்களுக்கு வரிசையாகப் பொருத்தின் செங்கீரை 5, தால் 7, சப்பாணி 9, முத்தம் 11, வாரானை 13, அம்புலி 15 என வரும். செங்கீரைக்கு 5-ஆம் திங்கள், சப்பாணிக்கு 9, வாரானைக்கு 12, அம்புலிக்கு 18 எனக் கொண்டு, இறுதி மூன்றனை 2, 3, 4-ஆம் ஆண்டுகளில் வைக்கும் வேறொரு கணக்கும் வழங்குகின்றது.

இக்கணக்குகளை உரைத்துப் பார்த்தற்கு இக்காலத்து ஓர் உரைகல் உண்டு. உலக சுகாதார நிறுவனத்தார் இந்தியா, கானா, நார்வே, ஓமன், அமெரிக்கா என்னும் ஐந்து நாடுகளில் 816 குழந்தைகளைத் தொடர்ந்து நோக்கி, உடல் இயக்கப் படிகள் ஆறனுக்குரிய கால எல்லையை 2006-இல் வெளியிட்டனர். நூறு குழந்தைகளை நிரல்பட நிறுத்தின் முதற் குழந்தை எய்தும் காலத்துக்கும் தொண்ணூற்றொன்பதாவது எய்தும் காலத்துக்கும் இடைப்பட்டதே அவ்வெல்லை. பற்றுக்கோடின்றி இருத்தல் 3.8 திங்கள் முதல் 9.2 வரை, கையும் முழந்தாளும் ஊன்றித் தவழ்தல் 5.2 முதல் 13.5 வரை, பற்றின்றி நிற்றல் 6.9 முதல் 16.9 வரை; தானே நடத்தல் 8.2 முதல் 17.6 வரை.

சப்பாணிக்கு ஒன்பதாந் திங்கள் வகுத்தமை எத்துணைப் பொருத்தம்! அதற்குள் ஏறத்தாழ எல்லாக் குழந்தையும் கையூன்றாது இருக்கக் கற்றுவிடுகின்றது. நடத்தலின் சராசரி ஏறத்தாழ 12 திங்களாதலின் வாரானையும் இழுக்கின்றிப் பொருந்தும். செங்கீரை மட்டும் சிறிது முந்துகின்றது. ஐந்தாந் திங்களிற் குழவி மார்பை உயர்த்தித் தலை நிமிர்க்குமேயன்றி, முழந்தாள் மடக்கி ஊன்றும் முழுநிலையைப் பெரும்பாலான குழந்தைகள் பின்னரே எய்துகின்றன. தவழாமலே எழுந்து நடப்பனவும் உண்டு. மேற்கூறிய ஆய்வில் நூற்றுக்கு நான்கு குழந்தைகள் அவ்வகையின. அவற்றைக் குறையுடையன எனல் ஆகாது.

இறுதி மூன்று பருவங்களிலோ ஒற்றை எண் விதி முற்றும் இடறுகின்றது. சிற்றில் சிதைத்தல் ஒரு காலில் நின்று மறுகாலால் எற்றுதலை வேண்டுவது. 17 திங்களில் அஃது அரிது, மூன்றாம் ஆண்டில் எளிது. அம்மானைக் காய்களை மேலெறிந்து மாறி மாறிப் பிடித்தலும் இரண்டாண்டுக் குழவிக்கு இயலுவதன்று. திரிகூடராசப்பக் கவிராயர் குற்றாலக் குறவஞ்சியில் வசந்தவல்லி பந்தாடும் அழகை விரித்தாரே, அவ்வாட்டத்தின் தொடக்கம் இவ்வம்மானையே. அது தோன்ற ஆண்டுகள் பல செல்லும். ஆகவே பருவங்களின் வரிசை கண்டு வைத்தது. திங்களின் எண் மங்கலம் கருதி வைத்தது. இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்புதல் கூடாது.

இதனை இத்துணை வற்புறுத்துதற்குக் காரணம் உண்டு. எம்பாற் பிள்ளைத்தமிழ் பாடங் கேட்ட மாணவி ஒருவர், மணம்புரிந்து குற்றாலத்தில் வாழ்பவர், சாரற் காலத்தொரு நாள் மகவோடு வந்து கண்கலங்கினார். பதின்மூன்று திங்கள் நிரம்பியும் பிள்ளை நடந்திலன். வாரானைத் திங்கள் கடந்ததே என்பது அவர் கவலை. அதனினும் கொடிது, உறவினருள் ஒருவர் பிள்ளையைச் சப்பாணி என்று விளித்தது. கைகொட்டும் மகவுக்குரிய இன்சொல்லே உலக வழக்கில் நடக்கமாட்டாதவரைச் சுட்டும் வன்சொல்லாகவும் திரிந்துள்ளமை மொழியின் விபரீதங்களுள் ஒன்று. பிள்ளை திண்ணையைப் பற்றிக்கொண்டு பக்கவாட்டில் அடிபெயர்த்து மகிழ்ந்திருந்தான். பாட்டியல் புலவர்க்கு வகுத்த விதியேயன்றிப் பிள்ளைக்கு வகுத்த விதியன்று எனக் கூறி, ஐயந்தீர மருத்துவரையும் கண்டு வருமாறு சொன்னோம். பதினாறாந் திங்களில் அவன் நடந்தான்; படி தாண்டிய அன்று கொழுக்கட்டை அவித்து எம் இல்லத்துக்கும் அனுப்பினர்.

மலைக்கு அப்பால் திருவனந்தபுரத்துக் குழந்தை வளர்ச்சி நிலையத்தார் பிறப்பு முதல் ஈராண்டு வரைக்கும் 17 இயல்களைக் கொண்டதோர் அட்டவணையை வகுத்து 1991-இல் வெளியிட்டுள்ளனர். ஒரு கோலைக் குழந்தையின் வயதில் நிறுத்தி, அதற்கு இடப்புறத்து இயல் ஏதேனும் எய்தப்படாதிருப்பின் மேலும் ஆராய்க என்பது அதன் நெறி. அதனினும் ஒவ்வோர் இயலும் ஒரு புள்ளியாகக் குறிக்கப்படாது நீண்ட கட்டையாக வரையப்பட்டிருத்தலே கருதத்தக்கது. ஒன்பது திங்கள் கடந்தும் இருக்கமாட்டாத குழவியையும், பதினெட்டுத் திங்கள் நிரம்பியும் நடவாத குழவியையும், கற்ற இயலை இழந்த குழவியையும் காலந்தாழ்த்தாது மருத்துவரிடம் காட்டுதல் வேண்டும். குமரகுருபரர் ஐந்தாண்டளவும் பேசாதிருந்து செந்திலாண்டவன் அருளாற் பேசினார் என்னும் வரலாற்றைக் காட்டிச் சும்மா இருப்பார் உளர். அவர் பெற்றோரும் சும்மா இருந்திலர். பிள்ளையைச் சுமந்துகொண்டு திருச்செந்தூர்ச் சந்நிதிக்குச் சென்று வரங்கிடந்தனர் என்பதை அவர் நினைவாராக.

சிறுதேரைப் பற்றிச் சில கூறவேண்டும். பருவங்கள் அனைத்தினும் பழமைச் சான்று மிக்கது இதுவே. பொன்னணி பூண்ட காற்சிறுவர் குதிரையின்றி உருட்டும் மூன்றுருளைத் தேரைப் பட்டினப்பாலை குறிக்கின்றது. தச்சச் சிறுவரும் விரும்பும்படி செய்யப்பட்ட, ஏறி ஊராத தேரை உருட்டி நடந்து இளைத்த குழந்தைகள் செவிலியர்பால் உண்டு துயிலுதலைப் பெரும்பாணாற்றுப்படை கூறும். தச்சன் செய்த சிறுவையத்தைச் சிறார் ஏறிச் செல்லாராயினும் கையால் ஈர்த்து இன்புறுவர் என்பது குறுந்தொகைப் பாட்டொன்றன் உவமை. சான்றோர் ஏறாமை ஒன்றையே மீண்டும் எடுத்தோதுதல் கவனித்தற்குரியது. அத்தேர் குழந்தையைச் சுமப்பதன்று, குழந்தையால் உருட்டப்படுவது. உடற்பாரத்தைத் தன் காலே தாங்க, கை மட்டும் தேரைப் பற்றும்.

நம் வீடுகளில் வழங்கிய மூன்றுருளை மரநடைவண்டி அதன் வழித்தோன்றலே. மரக்கடைசற் சொப்புக்குப் பேர்பெற்ற அம்பாசமுத்திரம் தென்காசிக்கு அணிமையது. வண்டியும் சொப்பும் அறியாத பிள்ளைகள் முன்னாளில் இப்பக்கத்தில் அரியர். இப்பொழுது அதனை ஒதுக்கி, குழந்தையை நடுவே இருத்திக் கால் நிலத்தைத் தொட்டுந்தொடாமலும் உருண்டோடும் வட்ட வண்டியை வாங்குகின்றனர். அது நடை பயிற்றுவதென்பது வெறும் பெயரே. அதில் இருந்த பிள்ளை நடத்தற்குத் தாழ்ந்ததாகவும், படியில் உருண்டு தலையில் அடிபட்டதாகவும் மருத்துவர் பலகாற் கண்டுள்ளனர். கனடா நாட்டார் 2004-இல் அதன் விற்பனையையே தடுத்துவிட்டனர். மேலகரம், இலஞ்சி முதலிய ஊர்களின் பழைய வீடுகளிற் பரண்மேற் கிடக்கும் நடைவண்டிகளை இறக்கித் துடைத்து, உருளையின் ஆணி கழலாதிருக்கின்றதா என ஒருமுறை பார்த்துப் பிள்ளை கையில் கொடுக்கலாம். முற்றத்தில் மணல் இருப்பின் வண்டி விரைந்தோடாது, அதுவும் நன்றே.