வயிற்று வலியின் வரலாறு: ஹமதான் முதல் ஜவ்வாது மலை வரை



சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் மதரஸாவில் ஒரு சிறுவன் ஓதி வந்தான். ஜவ்வாது மலையடிவாரத்துச் சிற்றூரைச் சேர்ந்தவன். தந்தையார் தோப்புகளில் கூலி வேலை செய்பவர். பாடம் தொடங்கிய சற்று நேரத்தில், "ஹஜ்ரத், வயிறு வலிக்கிறது" என்று எழுந்து நிற்பான். சில நாள் பேதி, சில நாள் மலச்சிக்கல். பாடம் மனனமாகாததை மறைக்கச் சொல்லும் சாக்கு என்றே நான் கருதினேன். ஒருநாள் மற்றப் பிள்ளைகள் முன்னிலையில் கடிந்தும் பேசிவிட்டேன். அதன்பின் அவன் வலியைப் பற்றி வாய் திறக்கவில்லை.

சில வாரங்கள் கழித்து, தொழுகையில் ருகூவிலிருந்து நிமிரும்போது தலைசுற்றி விழுந்தான். மருத்துவமனையில் இரத்தத்தையும் மலத்தையும் சோதித்தார்கள். உடம்பில் இரத்தம் மிகக் குறைந்திருந்தது. மலத்தில் கொக்கிப்புழுவின் முட்டைகள் இருந்தன. மாத்திரையும் இரும்புச்சத்து மருந்தும் கொடுத்தார்கள். அவன் நலமடைந்தான், அல்ஹம்துலில்லாஹ். ஆனால், ஒரு பிள்ளையின் நோயைப் பொய் என்று எண்ணிய குற்றம் என் நெஞ்சை விட்டு அகலவில்லை. இந்த நோயின் வரலாற்றைத் தேடிப் படித்தது அதனால்தான்.

அறிஞர்களையும் வாட்டிய நோய்

கடும் குடல் வலியையும் மலக்கட்டையும் நம் முன்னோரான மருத்துவர்கள் 'குலஞ்ச்' என்று அழைத்தனர். பெருங்குடலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. 925ஆம் ஆண்டில் மறைந்த அபூபக்ர் அர்ராஸீ இந்த நோய்க்கென்றே ஒரு நூல் எழுதினார். அவருக்குப் பின் வந்த இப்னு ஸீனா, ஃபர்தஜான் கோட்டையில் சிறை வைக்கப்பட்டிருந்த நாள்களில் குலஞ்ச் பற்றித் தனியொரு நூல் இயற்றினார். 'அல்கானூன்' என்னும் அவருடைய பெருநூலில் குடற்புழுக்களின் வகைகளும் அவற்றுக்கான மருத்துவமும் பேசப்படுகின்றன.

அந்த மாமேதையே இறுதியில் குலஞ்ச் நோயால்தான் வீழ்ந்தார் என்பது வரலாறு. விரைவில் குணமடைய வேண்டும் என்ற அவசரத்தில் ஒரே நாளில் பலமுறை எனிமா எடுத்துக்கொண்டதால் அவருடைய குடல் புண்ணாகிவிட்டது என்று அவருடைய மாணவர் அல்ஜூஸ்ஜானீ பதிவு செய்துள்ளார். ஹிஜ்ரி 428இல், அதாவது 1037ஆம் ஆண்டில், இப்னு ஸீனா ஹமதான் நகரில் மறைந்தார். நோயை நன்கறிந்த மருத்துவருக்கே அவசரச் சுயவைத்தியம் கேடாக முடிந்தது என்றால், நாம் எத்துணை எச்சரிக்கையாக இருக்க வேண்டும்!

மண்ணில் மறைந்திருந்த காரணம்

பேதியும் வலியும் சோகையும் சேர்ந்து வாட்டும் நோய்களுள் ஒன்றின் காரணம் பல நூற்றாண்டுகள் புலப்படாமலே இருந்தது. 1838இல் இத்தாலியின் மிலான் நகரில் ஆஞ்செலோ துபினி என்ற மருத்துவர், இறந்த பெண்ணொருவரின் குடலில் கொக்கிப்புழுவைக் கண்டார். 1880இல் ஆல்ப்ஸ் மலையைக் குடைந்து கோத்தார்டு சுரங்கப்பாதை அமைத்த தொழிலாளர்களிடையே கடும் சோகை பரவியபோது, அதற்கும் இதே புழுதான் காரணம் என்பது தெளிவாயிற்று.

ஆனால், புழு எந்த வழியாக உடம்புக்குள் நுழைகிறது? உணவோடும் நீரோடும் செல்கிறது என்றே பலரும் எண்ணினர். எகிப்தில் ஆய்வு செய்துகொண்டிருந்த ஆர்தர் லோஸ் என்பவரின் கையில், இளம்புழுக்கள் நிறைந்த நீர் தற்செயலாகச் சிந்தியது. அவ்விடம் அரித்துச் சிவந்தது. சில வாரங்களுக்குப் பின் அவருடைய மலத்திலேயே புழுவின் முட்டைகள் தோன்றின. புழு தோலைத் துளைத்து நுழைகிறது என்ற உண்மையை 1898இல் அவர் உலகுக்கு அறிவித்தார்.

நோயுற்றவர் திறந்தவெளியில் மலங்கழிக்கும்போது புழுவின் முட்டைகள் மண்ணில் விழுகின்றன. ஈரமும் நிழலும் உள்ள மண்ணில் அவை பொரித்து இளம்புழுக்களாகின்றன. அவ்வழியே வெறுங்காலுடன் நடப்பவரின் தோலைத் துளைத்து, இரத்தத்தில் கலந்து, நுரையீரலை அடைந்து, தொண்டை வழியாகச் சிறுகுடலுக்குச் செல்கின்றன. அங்கே குடற்சுவரைக் கவ்விக்கொண்டு இரத்தத்தை உறிஞ்சி ஆண்டுக்கணக்கில் வாழ்கின்றன. புழுவின் நீளம் ஏறத்தாழ 1 சென்டிமீட்டர்தான். ஆனால் அவை நூற்றுக்கணக்கில் பெருகும்போது உழைக்கும் மனிதனையும் சாய்த்துவிடும்.

தோட்டங்களிலிருந்து மலையூர்கள் வரை

இந்த வரலாற்றில் தமிழர்களுக்குத் துயரமான பங்குண்டு. இலங்கையின் தேயிலை, இரப்பர் தோட்டங்களுக்குக் கூலிகளாகச் சென்ற தமிழர்களிடையே கொக்கிப்புழு மிகப் பரவலாக இருந்தது. 1916இல் ராக்பெல்லர் அறக்கட்டளை அங்கே ஒழிப்புப் பணியைத் தொடங்கியது. 1920களில் சென்னை மாகாணத்திலும் அப்பணி நடந்தது. அந்நாளில் செனோபோடியம் என்னும் செடியின் எண்ணெய் மருந்தாகக் கொடுக்கப்பட்டது. மருந்து புழுவை வெளியேற்றியது. ஆனால் கழிப்பறை இல்லாத இடங்களில், குணமடைந்த தொழிலாளி அதே மண்ணில் வெறுங்காலுடன் நடந்து மீண்டும் நோயாளியானார்.

ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்குப் பின்னும் அதே பாடம் நம் அருகிலேயே நிற்கிறது. ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூரைச் சுற்றிய ஊர்களில் மலையாளிப் பழங்குடி மக்கள் சாமை பயிரிட்டும், தேனும் காட்டுப்பொருள்களும் சேகரித்தும் வாழ்கின்றனர். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் ஆய்வாளர்கள் அம்மக்களிடையே மலப் பரிசோதனை செய்து 2013இல் முடிவுகளை வெளியிட்டனர். பத்தில் ஏறத்தாழ நான்கு பேரிடம் குடற்புழு காணப்பட்டது. அதில் மிகப் பெரும்பங்கு கொக்கிப்புழுவே.

பின்னர் 2017இல், இந்தியா, பெனின், மலாவி ஆகிய மூன்று நாடுகளில் ஒரு பெரிய ஆய்வு தொடங்கியது. இந்தியாவில் அதற்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட இடங்கள் ஜவ்வாது மலையும் சமவெளியிலுள்ள திமிரியும். பள்ளிப் பிள்ளைகளுக்கு மட்டும் மாத்திரை கொடுக்காமல், ஊரிலுள்ள அனைவருக்கும் ஆண்டுக்கு இருமுறை கொடுத்தால் நோய்ப்பரவல் அறுபடுமா என்பதே அதன் கேள்வி. கொக்கிப்புழு பெரியவர்களிடமே மிகுதியாகத் தங்குவதால் எழுந்த கேள்வி அது. பிள்ளை மருந்து உண்டு, தந்தையும் தாயும் உண்ணாவிட்டால், புழு வீட்டை விட்டு முற்றாக நீங்குவதில்லை.

மார்க்கம் கற்பித்த ஒழுங்கு

நீர்நிலைகளிலும், மக்கள் நடக்கும் பாதையிலும், நிழலிலும் மலங்கழிப்பது சாபத்திற்குரிய செயல் என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்த செய்தி அபூதாவூதில் பதிவாகியுள்ளது. பிறருக்குத் தீங்கிழைக்கக் கூடாது என்பதே அதன் கருத்து. அதில் புழுவைப் பற்றிய பேச்சு இல்லை. ஆயினும், இந்த ஒழுங்கைப் பேணும் ஊரில் புழு பரவும் வழிகள் பெரிதும் அடைபடும் என்பது சிந்திப்பவர்க்கு விளங்கும்.

மலங்கழிக்கும் முறையைக்கூடவா உங்கள் நபி கற்றுத் தருகிறார் என்று ஸல்மான் (ரலி) அவர்களிடம் ஏளனமாகக் கேட்கப்பட்டது. அவர்கள் வெட்கப்படவில்லை, ஆம் என்று கூறி, அந்த ஒழுங்குகளை எடுத்துரைத்தார்கள். நாம் இஸ்தின்ஜாவின் சட்டங்களை மிம்பரில் விளக்குகிறோம். ஆனால் வீட்டில் ஒரு பிள்ளை மலத்தைப் பற்றிப் பேசினால் வாயை அடைக்கிறோம். இது நபிவழியைச் சார்ந்த நாணமாகாது.

இல்லங்களில் கவனிக்க வேண்டியவை

எல்லா வயிற்று வலிக்கும் புழு காரணமாகாது. உணவு ஒவ்வாமை, இரைப்பைப் புண், கிருமித் தொற்று, மன அழுத்தத்தால் மிகும் குடல் எரிச்சல் நோய் எனப் பல காரணங்கள் உண்டு. எனவே ஊகத்தை விட்டுப் பரிசோதனையை நாட வேண்டும். வலியோ பேதியோ மலச்சிக்கலோ சில வாரங்கள் நீடித்தால் மருத்துவரிடம் செல்லுங்கள். மலத்தில் இரத்தம், கருநிற மலம், எடை குறைதல், முகம் வெளிறுதல், காய்ச்சல், உறக்கத்தைக் கலைக்கும் வலி ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும் தாமதிக்கலாகாது. திடீரெனக் கடும் வலியுடன் வயிறு இறுகினாலோ வாந்தி நிற்காவிட்டாலோ உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

2015 முதல் அரசு, 1 முதல் 19 வயது வரையுள்ள பிள்ளைகளுக்குப் பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும் அல்பெண்டசோல் மாத்திரையை இலவசமாக வழங்கி வருகிறது. மதரஸாவில் மட்டும் ஓதும் பிள்ளைகளுக்கும் அது கிடைக்கச் செய்வது நம் பொறுப்பு. கர்ப்பிணிகள் மருத்துவரைக் கேட்டே உட்கொள்ள வேண்டும். செருப்பணிவதும், கழிப்பறையைப் பயன்படுத்துவதும், சோப்பிட்டுக் கை கழுவுவதும் மருந்துக்கு இணையானவை.

அந்தச் சிறுவனிடம் மற்றப் பிள்ளைகள் முன்னிலையிலேயே நான் மன்னிப்புக் கேட்டேன். இன்று எங்கள் மதரஸாவில் ஒரு பிள்ளை வயிறு வலிக்கிறது என்று சொன்னால், முதலில் "எத்தனை நாளாக?" என்று கேட்கிறோம். நம் பிள்ளைகளின் வலியைச் செவிமடுக்கும் உள்ளத்தை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.