தேயிலைத் துளைவண்டும் மரபணு வாசிப்பும்: ஊவாத் தோட்டங்களை முன்வைத்து ஓர் ஆய்வு

பதுளையை அடுத்த ஸ்பிரிங்வெளி போன்ற ஊவாப் பிரதேசத் தோட்டங்களில், கவ்வாத்துக் காலத்தில் வெட்டி வீழ்த்தப்பட்ட தேயிலை வாதொன்றை எடுத்து நெடுக்காகப் பிளந்து பார்ப்பவர்க்கு, குண்டூசித் தலையளவான துளையும், அதிலிருந்து மரத்தினுள்ளே வளைந்தோடும் கருத்த சுரங்கமும், அதனுள் இரண்டு மில்லிமீற்றரைச் சற்றே விஞ்சிய கரிய வண்டும் புலப்படக்கூடும். 'ஷொட்ஹோல் போரர்' என்று தோட்ட உத்தியோகத்தர் வழங்கும் இந்த அற்ப ஜந்துவின் உண்மையான வமிசம் யாதென்பது, அதற்குப் பெயரிட்டு நூற்றைம்பது ஆண்டுகள் கழிந்த பின்னரே நிர்ணயமாயிற்று.

இலங்கையிலிருந்து கிடைத்த மாதிரியைக் கொண்டு 1868இல் ஐக்ஹோஃப் என்னும் ஜெர்மானிய அறிஞர் இதனை ஃபோர்னிகேட்டஸ் என விவரித்தார். கோப்பி இலைநோயால் அழிந்து, அதன் இடத்தைத் தேயிலை கைப்பற்றிய பின், 1892இல் இது தேயிலையின் பகையாக அறியப்பட்டது. தலவாக்கலையிலுள்ள தேயிலை ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த காட், லூஸ் என்போர் 1947இல் வெளியிட்ட ஆய்வு, வண்டோடு வாழும் பூஞ்சையை விவரித்தது. தாய் வண்டு தன் வாயருகேயுள்ள பைகளில் பூஞ்சை வித்துக்களைச் சுமந்து வந்து சுரங்கச் சுவரில் விதைக்க, குஞ்சுகள் மரத்தையன்றி அப்பூஞ்சையையே உண்டு வளர்கின்றன. வாதோ காற்றிலும் கொழுந்தெடுப்போர் கை பட்டும் முறிந்து விழுகிறது.

நூற்றாண்டின் நடுப்பகுதியில் இத்துளைவண்டை ஒழிக்க டீல்ட்ரின் என்னும் நஞ்சைத் தெளித்தபோது நேர்ந்த அனர்த்தம் தனியே ஒரு பாடம். தேயிலையின் இலைசுருட்டிப் புழுவை அடக்குவதற்கென 1930களில் ஜாவாவிலிருந்து தருவிக்கப்பட்ட மக்ரோசென்ட்ரஸ் குளவியை அந்நஞ்சு மாய்க்கவே, அடங்கிக் கிடந்த புழு மறுபடியும் பெருகிற்று. எப்பூச்சிக்கு எது சத்துரு என்பதை அறியாது செய்யும் வைத்தியத்தின் விளைவு இதுவாயின், எப்பூச்சி எதுவென்பதையே அறியாதிருத்தலை என்னென்பது?

பூச்சியினங்களின் மரபணுத்தொகுதியை முழுமையாக வாசிக்கும் வித்தை 2000ஆம் ஆண்டில் பழ ஈயோடு ஆரம்பமாயிற்று. ஏறத்தாழ 12 கோடி எழுத்துக்களும் 13,600 மரபணுக்களும் அன்று வெளிவந்தன. 2002இல் ஆபிரிக்க மலேரியா நுளம்பு, 2004இல் பட்டுப்பூச்சி, 2006இல் தேனீ, 2008இல் வண்டினத்துள் முதலாவதாக மாவு வண்டு என வரிசை நீண்டது. நோயும் பணமும் ஆய்வுகூட வசதியும் காட்டிய வழியிலேயே சாஸ்திரம் நடந்தது என்று கூறுவது மிகையாகாது. 5,000 கணுக்காலியினங்களை வாசிப்பதென்ற 'ஐ5கே' சங்கற்பம் 2011இல் பிறந்தது. 2013இல் கனடியப் பைன் காடுகளைச் சூறையாடிய பட்டைவண்டின் தொகுதி வெளியானபோது, நம் துளைவண்டின் தாயாதியொன்று முதன்முறை வாசிக்கப்பட்டது.

துளைவண்டிலோ ஒரு விசேஷமுண்டு. பறக்கவியலாத ஆண்வண்டு கருவுறாத முட்டையிலிருந்து பிறப்பதால் ஒரு தொகுதி நிறமூர்த்தங்களையே உடையது; சுரங்கத்துள் உடன்பிறந்தவையே கூடுவதால் பெண்ணிலும் இரு தொகுதிகள் பெரும்பாலும் ஒத்திருக்கும். முரண்படும் இரு பிரதிகளை ஒப்புநோக்கிப் பாடங்காணும் தொல்லை இதில் வெகுவாகக் குறைகிறது.

ஆயினும் இவ்வண்டின் குலவழக்கைத் தீர்க்க முழுத்தொகுதி வேண்டியிருக்கவில்லை. 2003இல் கலிபோர்னியாவில் காணப்பட்ட வண்டொன்று தேயிலைத் துளைவண்டென்றே பதியப்பட்டது. பின்னர் அது ஆனைக்கொய்யாத் தோட்டங்களைத் தாக்கியபோதுதான், சில மரபணுத் துண்டுகளை மாத்திரம் வாசித்து, ஒரே பெயரின் கீழ்ப் பல இனங்கள் ஒளிந்திருப்பதைக் கண்டார்கள். செல்வந்த நாட்டின் பழத்தோட்டம் நோகும்வரை ஏழைத் தொழிலாளியின் மலை காத்திருக்க வேண்டியதாயிற்று.

2018இல் ஒருவாறு வகுக்கப்பட்ட பெயர்கள், ஐக்ஹோஃபின் மூலமாதிரியை மறுபடி அளந்து ஒப்பிட்டதன் பேரில் 2019இல் மாறின. இலங்கையிற் பிறந்த ஃபோர்னிகேட்டஸ் என்ற பெயர் கலிபோர்னிய வண்டுக்கே உரித்தாக, தேயிலை வண்டுகள் பெர்பிரேவிஸ், ஃபோர்னிகேட்டியோர் என இரண்டாயின. ஆதலின் காட் காலத்து ஏடுகளைப் புரட்டும் ஊவா ஆராய்ச்சியாளர், அங்கே ஃபோர்னிகேட்டஸ் என்றிருக்குமிடங்களில் எந்த வண்டைக் குறித்தார்கள் என்பதை ஒவ்வொரு தடவையும் விசாரித்தே மேற்செல்ல வேண்டியிருக்கிறது.