உவாவும் உயரமும்: காஞ்சிக் கணிதமும் சோழமண்டலக் கடலோதமும்

சின்ன காஞ்சிபுரத்தையும் கடலோதத்தையும் ஒரே கட்டுரையில் வைப்பது முறையா என்ற ஐயம் எழலாம். வரதராசர் கோயிலிலிருந்து மாமல்லபுரக் கரைக்குச் சாலை வழி அறுபது கிலோமீட்டருக்கு மேல். இடையில் உள்ள பாலாறும் வேகவதியும் ஆண்டில் பெரும்பகுதி மணலாகவே கிடப்பவை. ஆனாலும் இவ்வூருக்கும் ஓதத்துக்கும் இரண்டு வலுவான தொடர்புகள் உண்டு. ஓதம் எப்போது ஓங்கும், எப்போது தளரும் என்பதை நிர்ணயிக்கும் நிலவுக் கணிதம் இந்த உள்நாட்டு வட்டாரத்தில்தான் நூலாக வகுக்கப்பட்டது. இவ்வூரின் நிலம் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்ற கணக்கோ கடலோதத்தை அளந்த பிறகே கிடைத்தது. முன்னது காலத்தைப் பற்றியது, பின்னது உயரத்தைப் பற்றியது. நம் மரபு முதலாவதில் வியக்கத்தக்க அளவு முன்னேறியும் இரண்டாவதன் பக்கம் திரும்பவே இல்லை. அதற்குக் காரணம் அறிவுக் குறைபாடு என்பதைவிட, சோழமண்டலக் கரையின் ஓதமே சிறியது என்பதுதான் என்பது இக்கட்டுரையின் வாதம்.

சென்னைத் துறைமுகத்தில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி வரும் பெருவோதத்தின் ஏற்ற இறக்க வேறுபாடு சராசரியாக ஒரு மீட்டர் அளவுதான். அட்டமியை ஒட்டிய சிற்றோதத்தில் அது சுமார் 0.4 மீட்டராகச் சுருங்கிவிடும். குசராத்தின் காம்பே வளைகுடாவில் இதே வேறுபாடு பத்து மீட்டரைத் தொடும். அவ்வளைகுடாவின் பருகச்சத் துறைக்குப் போகும் மாலுமிகளை ஓதத்தின் வேகம் குறித்து எச்சரிக்கும், பண்டைய கிரேக்கக் கடல்வழி நூலான பெரிப்ளூஸின் ஆசிரியர், சோழமண்டலத் துறைகளைக் குறிப்பிடும்போது அப்படி எதுவும் சொல்வதில்லை. கப்பலைக் கவிழ்க்காத ஓதத்தை யார் எழுதி வைப்பார்கள்?

திதி என்பது சூரியனிலிருந்து நிலவு பன்னிரண்டு பாகை விலகுவதற்கு ஆகும் காலம். நிலவின் ஈர்ப்பால் எழும் முதன்மை ஓதத்துக்குச் சுற்றுக்காலம் 12 மணி 25 நிமிடம். சூரிய ஓதத்துக்கு 12 மணி. இரண்டும் ஒத்து எழும்போது பெருவோதம், ஒன்றையொன்று எதிர்க்கும்போது சிற்றோதம். இவ்விரண்டுக்கும் இடையிலான கட்ட வேறுபாடு, நிலவுக்கும் சூரியனுக்கும் இடையிலான கோணத்தைப் போல் இரு மடங்கு வேகத்தில் வளர்கிறது. எனவே ஒரு திதிக்கு 24 பாகை, பதினைந்து திதிக்கு 360 பாகை. ஒரு பட்சம் முடிந்தால் ஓதத்தின் முழுச் சுற்று ஒன்று முடிகிறது. கிரிகோரியன் தேதியைச் சொன்னால் ஓதத்தைப் பற்றி எதுவும் தெரியாது. திதியைச் சொன்னால் பெருவோதமா சிற்றோதமா என்பது அப்போதே தெரிந்துவிடும். கரையோரத்தில் வலை இறக்குபவர் அமாவாசையையும் பௌர்ணமியையும் மனத்தில் வைத்து நீரோட்டத்தின் வலுவைக் கணிப்பதற்கு இதுவே அடிப்படை. உச்சம் அந்த உவா நாளன்றே வராமல் ஓரிரு நாள் பிந்தி வருவதை அனுபவம் அவருக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறது.

இந்தத் திதியைக் கணக்கிடும் தமிழக முறைக்கு ஆதாரமான நூல்களில் தலையாயது ‘வாக்கிய கரணம்’. 1962-இல் தி. சா. குப்பண்ண சாஸ்திரியும் கே. வி. சர்மாவும் பதிப்பித்த இந்நூல், 13-ஆம் நூற்றாண்டின் இறுதியையோ 14-இன் தொடக்கத்தையோ சேர்ந்தது. பெயர் தெரியாத இதன் ஆசிரியர் காஞ்சி வட்டாரத்தவர் என்பது அறிஞர் கருத்து. அவர் சின்ன காஞ்சியில் இருந்தாரா பெரிய காஞ்சியில் இருந்தாரா என்ற ஆராய்ச்சி நமக்குத் தேவையில்லை. திருவிழாவுக்கு நாள் குறிக்கும் கோயில்கள் இரு பக்கமும் உண்டு. கணிதர்களுக்கு வேலையும் இரு பக்கமும் இருந்திருக்கும்.

வாக்கிய முறையின் நெஞ்சு 248 என்ற எண். இத்தனை நாட்களில் நிலவு தன் அண்மைப் புள்ளியிலிருந்து புறப்பட்டு ஒன்பது முறை அதே புள்ளிக்கு மீள்கிறது (ஒரு சுற்று 27.55 நாள்). அந்த 248 நாட்களுக்கும் நிலவின் நிலையைக் கடபயாதி எழுத்தெண்களில் அமைந்த சிறு தொடர்களாக்கி மனப்பாடம் செய்துவிட்டால், கூட்டலும் கழித்தலும் தெரிந்த எவரும் பஞ்சாங்கம் கணிக்கலாம். ஓத ஆய்வாளர் இந்த இடத்தில் சற்று நிற்க வேண்டும். நிலவு அருகில் வரும்போது வேகமாக நகரும், எனவே திதி குறுகும். தொலைவில் மெதுவாக நகரும், திதி நீளும். பஞ்சாங்கத்தில் ஒரு திதி இருபது மணிக்கும் இருபத்தேழு மணிக்கும் இடையில் ஏறி இறங்குவது இதனால்தான். ஓதத்தை எழுப்பும் விசையோ தொலைவின் முப்படிக்கு எதிர்விகிதத்தில் மாறுவது. அண்மைப் புள்ளியில் அது சேய்மையைவிட ஏறக்குறைய 40 விழுக்காடு மிகுதி. ஆகவே குறுகிய அமாவாசைத் திதி வலுத்த பெருவோதத்துக்கும், நீண்டது மெலிந்த பெருவோதத்துக்கும் அறிகுறி. பஞ்சாங்கத்தின் நாழிகைப் பத்தியிலேயே இந்தச் செய்தி இருக்கிறது, அதை அப்படிப் படிக்கும் வழக்கம்தான் ஏற்படவில்லை.

வாக்கியப் பஞ்சாங்கம் பிழையானது, திருக்கணிதமே சரி என்பவர்கள் இங்கே குறுக்கிடுவார்கள். அந்தப் பழைய வழக்கில் தீர்ப்புச் சொல்வது நம் வேலையில்லை. ஆனால் பிழை எங்கே இருக்கிறது என்பது முக்கியம். வாக்கியத்தில் நிலவின் நிலைக்குத் தரப்படும் திருத்தம் அதிகபட்சம் ஐந்து பாகை அளவு. உவா நாட்களில் இயற்கையில் உள்ள அளவும் அதுவே. அட்டமியை ஒட்டித்தான் உண்மையான திருத்தம் ஏழரைப் பாகை வரை போகிறது. அங்கே வாக்கியத் திதி ஐந்து மணி நேரம்கூடத் தவறலாம். 1825-இல் புதுச்சேரியில் ஒரு தமிழ்க் கணிதர் தரையில் சோழிகளைப் பரப்பி, மனப்பாட வாய்பாடுகளைக் கொண்டு மே 31 – ஜூன் 1 இரவின் சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டியதை ஜான் வாரன் ‘கால சங்கலித’த்தில் பதிவு செய்தார். தொடக்கத்தில் பிழை நான்கு நிமிடம், நடுவில் இருபத்துமூன்று, முடிவில் ஐம்பத்திரண்டு. கிரகணத்துக்காகத் தீட்டப்பட்ட கணிதம் பெருவோத நாளுக்கும் அதே காரணத்தால் பொருந்துகிறது. சிற்றோத நாளில் ஐந்து மணி நேரம் தவறினாலும் கரையில் யாரும் நட்டப்படப் போவதில்லை.

இவ்வளவும் கைவசம் இருந்தும் ஓதத்தின் உயரத்தை ஏன் எவரும் வாய்பாடாக்கவில்லை? நூல் கணிதர் கடலிலிருந்து தூரத்தில் இருந்தார் என்பது பாதி விடைதான். மறுபாதி கடலிலேயே இருக்கிறது. வங்கக் கடலின் இக்கரையில் சராசரி நீர்மட்டமே பருவத்துக்குப் பருவம் மாறுகிறது. பங்குனியில் தாழ்ந்து, ஐப்பசி கார்த்திகையில் கரையோர நீரோட்டத்தால் சுமார் ஓரடி உயர்ந்து நிற்கும். ஒரு மீட்டர் ஓதத்தில் ஓரடி என்பது மூன்றில் ஒரு பங்கு. காம்பேயில் இது கணக்கிலேயே வராது; இங்கே கணிதரின் வாய்பாட்டைப் பொய்யாக்கிவிடும். நிலவை மட்டும் வைத்து உயரம் சொல்ல முடியாத கரை இது. நீரில் அளவியை நட்டே ஆக வேண்டும்.

அந்த வேலை காலனி ஆட்சியில், அதன் தேவைக்காக நடந்தது. 1821-இல் கேப்டன் டி ஹாவிலண்ட் சென்னையில் ஓதத்தைத் தொடர்ந்து நோக்கிச் சராசரிக் கடல்மட்டத்தை வகுத்து, புனித ஜார்ஜ் கோட்டையில் கல்லில் குறித்தார். 1870-களில் இந்திய நில அளவைத் துறையின் பேர்டு, கட்ச் வளைகுடாவில் தொடங்கித் துறைமுகந்தோறும் தானாகப் பதியும் ஓத அளவிகளை நிறுவினார். பதிவுகளை நிலவு, சூரியன் சார்ந்த தனித்தனி அலைக்கூறுகளாகப் பிரிக்கும் கெல்வினின் முறையை ஜார்ஜ் டார்வின் செம்மைப்படுத்தினார். இந்தியத் துறைமுகங்களின் முடிவுகளைப் பேர்டும் டார்வினும் 1885-இல் வெளியிட்டனர். 1879-இல் லண்டனில் இந்தியத் துறைமுகங்களுக்கென்றே ஒரு ஓதக் கணிப்பு எந்திரம் செய்யப்பட்டது. முதலில் இருபதும் பின்னர் இருபத்துநான்கும் ஆன கூறுகளைப் பற்சக்கரங்களால் கூட்டி அது ஓராண்டு ஓதத்தைக் கோடாக வரைந்தது. அந்தக் கூறுகளில் ஒன்று நிலவின் 27.55 நாள் சுற்றால் எழுவது. காஞ்சிக் கணிதர் 248 நாளில் அடக்கி வைத்ததும் அதே சுற்றைத்தான்.

இனி உயரம் நாட்டுக்குள் வந்த கதை. கராச்சி, பம்பாய், கார்வார், பேப்பூர், கொச்சி, நாகப்பட்டினம், சென்னை, விசாகப்பட்டினம், ஃபால்ஸ் பாயிண்ட் ஆகிய ஒன்பது இடங்களின் ஓதப் பதிவுகளிலிருந்து சராசரிக் கடல்மட்டம் வகுக்கப்பட்டு, அதைச் சுழியாகக் கொண்டு 1909-இல் நாட்டின் மட்ட அளவை வலை சீர்செய்யப்பட்டது. ரயில் நிலையப் பெயர்ப் பலகையின் அடியில் ‘கடல்மட்டத்துக்கு மேல்’ என்று எழுதியிருக்கும் எண்ணை நாம் படிப்பதுகூட இல்லை. காஞ்சிபுரம் ஏறத்தாழ 83 மீட்டர். வரதராசர் கோயில் நிற்கும் அத்திகிரியின் உயரம், ஏரி மதகின் மட்டம், சாக்கடையின் சரிவு என்று எதை அளந்தாலும் கணக்கு நாகையிலும் சென்னையிலும் கடல் ஏறி இறங்கிய பதிவில்தான் தொடங்குகிறது.

சிறிய ஓதம் கரை வாழ்வில் சிறிய விஷயமில்லை. ஒரு முகத்துவாரம் திறந்திருப்பது, ஒவ்வோர் ஓதத்திலும் அதன் வழியே போய்வரும் நீரின் அளவைப் பொறுத்தது. இக்கரையில் அந்த நீர் குறைவு. வடக்கு நோக்கி அலைகள் தள்ளிச் செல்லும் மணலோ மிகுதி. 1876-இல் தொடங்கிய சென்னைத் துறைமுகக் கட்டுமானம் இந்த மணலைத் தடுத்ததால்தான் தெற்கே மெரினா அகன்றது, வடக்கே ராயபுரம் கரைந்தது. அடையாறு, கோவளம், வயலூர் அருகே பாலாறு ஆகிய முகங்களெல்லாம் மணல் திட்டால் அடைபடுவதும் இதனால்தான். அடைபட்டால் உள்ளே உப்புத்தன்மை மாறும், இறால் குஞ்சு கடலிலிருந்து ஏறாது, மழைநீர் வடியாது. பழவேற்காட்டில் முகத்துவாரத்தை அடுத்த மீன்பிடி இடங்களுக்கு முறை வைத்துப் பிரிக்கும் ‘பாடு’ வழக்கம் உருவானதற்கு, ஓதம் ஓடும் இடம் குறுகியது, அங்கேதான் மீனும் இறாலும் திரளும் என்பதே காரணம். தாராளமாக ஓதம் பாயும் கழியில் இத்தனை நுணுக்கமான பங்கீடு தேவைப்பட்டிருக்காது.

2021 நவம்பரில் பாலாற்றில் பல பத்தாண்டுகளாகக் காணாத வெள்ளம் வந்து காஞ்சி, செங்கல்பட்டு வட்டாரப் பாலங்களைச் சேதப்படுத்தியபோது இவையெல்லாம் ஒரே இடத்தில் கூடின. வெள்ளம் உச்சத்திலிருந்த நவம்பர் 19 கார்த்திகைப் பௌர்ணமி. எனவே பெருவோதக் காலம். அன்று நிகழ்ந்த பகுதிச் சந்திர கிரகணம் பல நூற்றாண்டுகளில் மிக நீண்டது, ஏனெனில் நிலவு சேய்மைப் புள்ளியை ஒட்டி மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது. எனவே அது மெலிந்த பெருவோதம். ஆனால் மாதம் கார்த்திகை, கடலின் சராசரி மட்டமே உயர்ந்திருக்கும் பருவம். முதல் இரண்டையும் வாக்கியப் பஞ்சாங்கத்தின் திதிப் பத்தியிலிருந்து முன்கூட்டியே எடுத்திருக்கலாம். மூன்றாவது அன்று எத்தனை அங்குலம் என்பதற்குத் துறைமுக அளவியைத்தான் கேட்க வேண்டும். பாலாற்று முகத்தில் வெள்ளம் வடியும் வேகத்தைக் கணிக்க முற்படும் பொறியாளர் பஞ்சாங்கக் கணக்கையும் அளவியின் பதிவையும் ஒரே தாளில் எழுத வேண்டியிருக்கும்.