ஒரே 1.3, இரண்டு உடம்பு

பாலக்காட்டு எல்லையில் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தென்னை ஏறும் 40 வயது ஆண் ஒருவர். இடுக்கி எல்லையில் மூணாறு எஸ்டேட்டில் காலமெல்லாம் கொழுந்து எடுத்த 57 வயதுப் பெண் ஒருவர். இருவருக்கும் ரத்தத்தில் கிரியேட்டினின் 1.3 என்று வைத்துக்கொள்வோம். பல லேப்களில் இரண்டு ரிப்போர்ட்டிலும் அந்த எண் தடித்த எழுத்தில் அச்சாகும், பக்கத்தில் ‘எச்’ (அதிகம்) என்ற குறியோடு. இரண்டு வீட்டிலும் ‘கிட்னி போச்சா?’ என்ற ஒரே கேள்விதான் எழும்.

ஆனால் இரண்டு எண்களும் ஒன்றல்ல. கிரியேட்டினின் தசையிலிருந்து வரும் கழிவு. தசை கூடினால் அதுவும் கூடும். வயது, பாலினத்தைச் சேர்த்து, இன்று பல நாடுகளில் பயன்படும் 2021ஆம் ஆண்டுச் சூத்திரத்தில் போட்டுப் பார்த்தால், சிறுநீரகம் வடிகட்டும் வேகத்தைச் சொல்லும் இஜிஎஃப்ஆர் அந்த ஆணுக்குச் சுமார் 71, அந்தப் பெண்ணுக்குச் சுமார் 48 வருகிறது. 60க்குக் கீழே போய் மூன்று மாதத்துக்கு மேல் அப்படியே நின்றால் அது நாள்பட்ட சிறுநீரக நோய். 60க்கு மேலே இருந்து, சிறுநீரில் ஆல்புமின் ஒழுகாமல், வேறு கோளாறும் தெரியாமல் இருந்தால் அதை நோய் என்று சொல்வதில்லை. ஆக, அந்த ஆண் பெரும்பாலும் வீணாகப் பயப்படுகிறார். அந்த அம்மாவிடம் ‘லேசாகத்தான் கூடியிருக்கு’ என்று சொல்லி அனுப்பிவிட்டால், கவனிக்க வேண்டியது கவனிக்கப்படாமலே போகும்.

அந்த மரமேறுபவர் இருக்கும் சித்தூர் தாலுகா மழை மறைவு நிலம். கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி எல்லாம் வறண்ட பூமி, நிலத்தடி நீரில் ஃபுளோரைடு உள்ள இடங்கள். கேரளத்தில் வெயில் கடுமையாக அடிக்கும் மாவட்டமும் பாலக்காடுதான். கோடையில் மதியம் 12 மணி முதல் 3 மணி வரை வெயிலில் வேலை வாங்கக் கூடாது என்று கேரளத் தொழிலாளர் துறை உத்தரவு போடுகிறது. தன் கணக்கில் மரம் ஏறுபவருக்கு அது எட்டுவதில்லை. நாள் முழுக்க வியர்த்து, நாக்கு வறண்டு, முந்தின இரவு ஆட்டுக்கறியும் சாப்பிட்டுவிட்டுக் காலையில் ரத்தம் கொடுத்தால் யூரியா, கிரியேட்டினின் இரண்டுமே ஏறித்தான் இருக்கும். இரண்டு நாள் ஓய்வெடுத்து, தண்ணீர் குடித்துப் பார்த்தால் பலருக்கு இறங்கிவிடும்.

அதற்காக வெயிலைச் சும்மா விட முடியாது. எல் சால்வடார், நிகரகுவா கரும்புத் தோட்டங்களில் இளம் தொழிலாளர்களுக்குச் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் இல்லாமலே சிறுநீரகம் கெட்டதற்கு, வெப்பமும் நீரிழப்பும் ஒரு காரணம் என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். இலங்கையில் அனுராதபுரம், பொலன்னறுவை விவசாயிகளிடம் 1990களிலிருந்தே காரணம் தெளிவாகாத சிறுநீரக நோய் காணப்படுகிறது. தமிழ்நாட்டு விவசாயத் தொழிலாளர்களிடம் 2023இல் நடந்த ஆய்வில் 100க்குச் சுமார் 5 பேருக்குச் சிறுநீரக நோய் தெரிந்தது. அவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு வழக்கமான காரணம் எதுவும் இல்லை. அதனால் மரமேறுபவர் வருடம் ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது. ஒரு ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு உழன்றுகொண்டிருப்பதுதான் வேண்டாம்.

மூணாறு, தேவிகுளம், பூப்பாறைப் பக்கம் குளிர். தாகமே தெரியாது. தோட்டத்தில் கழிப்பறை இல்லாத இடங்களில் பெண்கள் காலையிலிருந்தே தண்ணீரைக் குறைத்துக்கொள்கிறார்கள். மலைச்சரிவில் கூடை சுமந்தால் இடுப்பும் முழங்காலும் வலிக்கும். வலித்தால் டைக்ளோஃபெனாக் அல்லது ஐபுபுரூஃபன், மறுநாளும் அதே, வாரமெல்லாம் அதே. தண்ணீர் குறைந்த உடம்பில் இந்த மாத்திரைகள் சிறுநீரகத்துக்கு வரும் ரத்தத்தைக் குறைத்துவிடும். எனக்கு இரண்டு ஊரில் எது அதிகம் கவலை தருகிறது என்று கேட்டால், பாலக்காட்டு வெயிலைவிட இந்த மாத்திரை அட்டைதான். வெயில் கண்ணுக்குத் தெரியும். இது முந்தானை முடிச்சில் இருப்பதால் யாரும் கேட்பதுமில்லை, டாக்டரிடம் சொல்வதுமில்லை.

பயப்படுகிற விதமும் இரண்டு இடத்தில் வேறு. கொழிஞ்சாம்பாறைக்காரருக்குக் கோவை பக்கம். ஒரே மாதத்தில் மூன்று லேப், ஒரு ஸ்கேன் என்று பார்த்துவிடுவார். லேபுக்கு லேப் எண் கொஞ்சம் மாறும். மாறுவதைப் பார்த்து மேலும் கலங்குவார். மூணாறு அம்மாவுக்குப் போடிமெட்டு வழியாகத் தேனிக்கு இறங்கினால் ஒருநாள் கூலி போகும். அதனால் ரிப்போர்ட்டைத் தகரப் பெட்டியில் வைத்துவிட்டுப் பருப்பையும் பாலையும் நிறுத்திக்கொள்வார், பிள்ளைகளிடம் சொல்லமாட்டார். டாக்டர் மலையாளத்தில் சொன்னதில் பாதிதான் புரிந்திருக்கும், தாளில் இருப்பதோ ஆங்கிலம். தன்னிஷ்டத்துக்கு உணவை நிறுத்துவதும், ஒரேயடியாக ஆறு லிட்டர் தண்ணீர் குடிப்பதும், யாரோ கொடுத்த பொடியைக் கரைத்துக் குடிப்பதும் பயத்தின் வேலை. வைத்தியம் அல்ல. பிரஷர் மாத்திரையை நிறுத்துவது அதைவிட ஆபத்து.

இருவருக்கும் பயத்தைக் குறைப்பது அடுத்த பரிசோதனைதான். வலி மாத்திரையை நிறுத்தி, முந்தின இரவு கறி சாப்பிடாமல், வேலைக்கு லீவு போட்ட நாளில், அதே லேபில், டாக்டர் சொன்ன இடைவெளியில் மறுபடி பார்க்க வேண்டும். கூடவே சிறுநீரில் ஆல்புமின். லேபில் ‘யூரின் ஏசிஆர்’ என்றால் புரிந்துகொள்வார்கள். அது 30க்குக் கீழே இருந்தால் பெரிய ஆறுதல். அந்த அம்மாவுக்கு மூன்று மாதம் கழித்தும் 48தான் என்றாலும் டயாலிசிஸ் என்று அர்த்தமில்லை. பிரஷர், சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்து, வலி மாத்திரையைத் தொடாமல், பல வருடம் அதே அளவில் இருப்பவர்கள் ஏராளம். கால், முகம் வீங்கினாலோ, சிறுநீர் குறைந்தாலோ, நுரைத்துக்கொண்டே இருந்தாலோ மூன்று மாதம் காத்திருக்கக் கூடாது. உடனே டாக்டரிடம் போக வேண்டும்.

எல்லையின் இரண்டு பக்கத்து லேப்காரர்களிடமும் ஒன்று கேட்கிறேன்: கிரியேட்டினினோடு இஜிஎஃப்ஆரையும் அச்சிடுங்கள். வயதும் பாலினமும் உங்கள் ரசீதிலேயே இருக்கின்றன. ரிப்போர்ட்டை வாங்குபவர்கள், அந்த எண் இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள். பழைய ரிப்போர்ட்டையும் போட்டுக்கொண்டிருக்கும் மாத்திரை அட்டையையும் டாக்டரிடம் கையோடு கொண்டுபோங்கள்.