எரிச்சலூட்டும் ஆட்ட அமைப்புகள்

ஆடுபவரின் திறமைக்குச் சம்பந்தமே இல்லாமல் அவரைக் காக்கவைப்பது, பின்னுக்குத் தள்ளுவது, முடித்ததையே மறுபடி முடிக்கவைப்பது ஆகியவற்றைச் செய்யும் விதிகளும் வடிவமைப்புகளும் இந்தத் தலைப்பின்கீழ் வருகின்றன. கடினமும் எரிச்சலும் ஒன்றல்ல. தோற்ற கையோடு இன்னொரு தடவை ஆட உட்காரவைப்பது கடினம்; ரிமோட்டைத் தூக்கி வீசவைப்பது எரிச்சல். வீடியோ கேம் ஆடுவோர் இவற்றை வடிவமைப்பாளரின் முட்டாள்தனம் என்று திட்டுவது வழக்கம். வரலாற்றைப் பார்த்தால் அந்தத் திட்டு பெரும்பாலும் தவறான முகவரிக்குப் போகிறது. ஏறக்குறைய ஒவ்வொரு எரிச்சலுக்குப் பின்னாலும் யாரோ ஒருவருடைய வரவுக் கணக்கு இருக்கிறது.

திண்ணை ஆட்டங்கள்

தாயம் ஆடிய எவருக்கும் தெரிந்த முதல் எரிச்சல், காய் இறங்காமல் உட்கார்ந்திருப்பது. ஒன்று விழுந்தால்தான் தாயம். தாயம் விழுந்தால்தான் முதல் காய் கட்டத்துக்குள் வரும். மற்றவர்கள் பாதிக் கட்டம் சுற்றிவிட்ட பிறகும் ஒருவர் இரண்டும் மூன்றுமாக உருட்டிக்கொண்டே இருப்பார். எதிராளியின் காயை ஒன்றாவது வெட்டாதவர் உள்கட்டத்துக்கு ஏறக் கூடாது என்று சில ஊர்களில் விதி. ஏறிய பிறகும் பழம் எடுக்க எண்ணிக்கை அச்சாக விழ வேண்டும். மதுரைக்குத் தென்கிழக்கே கீழடி அகழாய்வில் தந்தப் பகடையும் ஆட்டக்காய்களும் கிடைத்திருப்பதால், இந்த வட்டாரத்தில் பகடையை நம்பிக் காத்திருந்தவர்களின் வரலாறு ஈராயிரம் ஆண்டுகளுக்கும் மேற்பட்டது.

பரமபதத்தில் எரிச்சலுக்கென்றே ஒரு பாம்பு உண்டு. உச்சிக் கட்டத்துக்குச் சற்று முன்னால் வாய் பிளந்து கிடக்கும் அந்தப் பெரிய பாம்பின் வால் பலகையின் அடியில் இருக்கும். வென்றுவிட்டோம் என்று நினைத்தவர் அதில் சிக்கி ஒரே சறுக்கில் தரைக்கு வருவார். இன்றைய வீடியோ கேமில் இப்படி ஒன்று இருந்தால் அடுத்த வாரமே மாற்றச் சொல்லிக் கூச்சல் எழும். ஆனால் பரமபதம் ஆடப்பட்ட வேளையைப் பார்க்க வேண்டும். வைகுண்ட ஏகாதசி இரவில் கண் விழித்திருக்க ஆடிய ஆட்டம் அது. ஒன்பது மணிக்கே ஒருவர் பரமபதம் போய்ச் சேர்ந்துவிட்டால் விடியும்வரை மற்றவர்கள் என்ன செய்வது? இரவை இழுத்துப் பிடிக்க வேண்டிய ஆட்டத்துக்கு அந்தப் பாம்பு தேவைப்பட்டது.

காசு போடும் பெட்டி

ஜப்பானின் டைட்டோ நிறுவனம் 1978-இல் ஸ்பேஸ் இன்வேடர்ஸை வெளியிட்டபோது, ஒரு காசுக்கு ஓர் ஆட்டம் என்ற கணக்கு உலகமெங்கும் பரவியது. நன்றாக ஆடுபவர் ஒரே காசில் ஒரு மணி நேரம் நின்றால் கடைக்காரருக்கு நட்டம். அதனால் மூன்று லைஃப், போகப்போகக் கூடும் வேகம், தோற்றதும் பத்திலிருந்து பூஜ்யம்வரை எண்ணிக் காசு கேட்கும் திரை ஆகியவை வந்தன. இதன் உச்சம் 1985-இல் அட்டாரி வெளியிட்ட கான்ட்லெட். அதில் யாரும் அடிக்காவிட்டாலும், சும்மா நின்றாலும், உடல்பலம் நொடிக்கு நொடி குறையும். கூட்ட வேண்டுமானால் இன்னொரு காசு. அதே ஆண்டு கேப்காம் வெளியிட்ட கோஸ்ட்ஸ் அண்ட் காப்ளின்ஸில் கடைசி அசுரனையும் கொன்ற பிறகு, நடந்ததெல்லாம் மாயை, முதலிலிருந்து மறுபடி வா என்று செய்தி வரும். பரமபதப் பாம்பு கடைசிக் கட்டத்திலேயே உட்கார்ந்துகொண்டது போல.

இந்தப் பெட்டிகள் பெருநகரங்களைத் தாண்டி அதிகம் வரவில்லை. திருமங்கலத்திலிருந்து ராஜபாளையம் போகும் சாலையில் இருக்கும் பேரூராட்சியான டி. கல்லுப்பட்டி மாதிரியான ஊர்களுக்கு வீடியோ கேம் வந்தது டிவி வழியாகத்தான்.

டிவி கேம்

நின்டெண்டோ 1983-இல் ஜப்பானில் விற்கத் தொடங்கிய ஃபேமிகாம் கருவியின் நகல்கள் 1990-களில் இந்தியாவெங்கும் மலிந்தன. டி. கல்லுப்பட்டிக்கு மதுரைதான் பெரிய கடைவீதி. மதுரைக்குப் போய்த் திரும்பும் பையில் தீபாவளித் துணியோடு வந்தது டிவி கேம். கூடவே மஞ்சள் கேசட்டும் ஒரு துப்பாக்கியும்.

முதல் எரிச்சல் கேசட்டின் மேலட்டையிலேயே அச்சாகியிருந்தது. 9999 ஆட்டங்கள் என்று போட்டிருக்கும். பட்டியலைக் கீழே தள்ளிக்கொண்டே போனால் கான்ட்ரா, மாரியோ, டேங்க், வாத்து சுடுவது என்று சில ஆட்டங்களே வேறு வேறு எண்களில் திரும்பத் திரும்ப வரும். ஏமாற்று வேலைதான். ஆனால் அதற்குள் ஓர் உபகாரமும் ஒளிந்திருந்தது. திரும்ப வந்த எண்களில் சில, அதே ஆட்டத்தை நடு ஸ்டேஜிலிருந்து தொடங்கும். சிலவற்றில் லைஃப் கூடுதலாக இருக்கும். நகல் போட்டவர் எண்ணிக்கையைக் கூட்டுவதற்காகச் செய்த திருத்தம், கான்ட்ராவை உருவாக்கிய கோனாமி நிறுவனம் வைத்த எரிச்சலைக் கழற்றி எறிந்துவிட்டது. கான்ட்ராவை முழுதாக முடித்த பையன்களில் பலர் இந்த எண்களின் தயவில்தான் முடித்தார்கள். அசல் கேசட் வைத்திருந்தவர்களுக்குத் தனி மந்திரம் இருந்தது: மேல் மேல், கீழ் கீழ், இடம் வலம், இடம் வலம், பிறகு பி, ஏ. கான்ட்ராவில் 30 லைஃப் தரும் இந்தக் குறி முதலில் வந்தது 1986-இன் கிரேடியஸில். கோனாமியின் கஸுஹிஸா ஹஷிமோட்டோ, தாம் சோதித்துப் பார்க்க வேண்டிய ஆட்டம் தமக்கே முடியாத அளவு கடினமாக இருந்ததால் போட்டுக்கொண்ட குறுக்குவழி அது.

ஆட்டங்கள் இத்தனை கொடுமையாக இருந்ததற்கு நினைவகமும் காரணம். 1985-இன் சூப்பர் மாரியோ பிரதர்ஸ் மொத்தமே 40 கிலோபைட். இன்று வாட்ஸ்அப்பில் வரும் காலை வணக்கப் படம் ஒன்று அதைவிடப் பெரிது. அவ்வளவு சிறிய ஆட்டத்தை விலைக்கேற்ற அளவு நீட்ட வேண்டுமென்றால், ஆடுபவர் செத்துச் செத்துத் திரும்ப வர வேண்டும். மாரியோவில் திரை இடப்பக்கம் திரும்பாது. தவறவிட்ட காளான் தவறியதுதான். ஏழு கோட்டைகளை முடித்தாலும் ஏழிலும் இளவரசி வேறு கோட்டையில் இருப்பதாகவே சொல்வார்கள். எட்டாவது கோட்டையில் தவறான குழாய்க்குள் இறங்கினால் வந்த இடத்துக்கே திரும்பிவிடுவோம்.

இவற்றைவிட அதிகச் சாபம் வாங்கியது ஒரு நாய். 1984-இன் டக் ஹன்ட்டில் வாத்து தப்பிவிட்டால் புல்லுக்குள்ளிருந்து எழுந்து வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கும். அதையும் சுட முயலாத குழந்தை இருந்திருக்க முடியாது. வீட்டு ஆட்டத்தில் குண்டு அதன்மேல் படாது. துப்பாக்கி வேலை செய்த விதம் எளிமையானது. விசையை அழுத்தியதும் திரை ஒரு கணம் கறுத்து, வாத்து இருந்த இடத்தில் மட்டும் வெள்ளைக் கட்டம் தோன்றும். துப்பாக்கிக் குழலுக்குள் இருக்கும் ஒளியுணரி அந்த வெளிச்சத்தைக் கண்டால் வாத்து விழும். நாய்க்கு வெள்ளைக் கட்டமே கிடையாது. பழைய குழாய் டிவியின் நேரக் கணக்கை நம்பிச் செய்த ஏற்பாடு என்பதால், எல்சிடி டிவி வந்ததும் துப்பாக்கி வெறும் பிளாஸ்டிக் ஆகிவிட்டது.

ஆட்டத்துக்கு வெளியே இருந்த எரிச்சல்களையும் சேர்த்தே சொல்ல வேண்டும். படம் வராவிட்டால் கேசட்டைக் கழற்றி ஊதிப் போடுவார்கள். ஊதியதால் பலன் ஒன்றுமில்லை. கழற்றி மாட்டியதில்தான் உலோக முனைகள் சரியாகப் பொருந்தின. இன்னொன்று கரன்ட். இந்த ஆட்டங்களில் பெரும்பாலானவற்றுக்குச் சேமிக்கும் வசதி கிடையாது. ஆறாவது ஸ்டேஜில் மின்சாரம் போனால் முதல் ஸ்டேஜ்தான். 2012-இல் சென்னையில் இரண்டு மணி நேரம் மின்வெட்டு இருந்தபோது, தென் மாவட்டங்களில் அது பத்து மணி நேரத்தைத் தாண்டியது. ஜப்பானில் உட்கார்ந்து ஆட்டம் வடிவமைத்தவர், டி. கல்லுப்பட்டி இருக்கும் பேரையூர் தாலுகாவின் மின்வெட்டு அட்டவணையை எதிர்பார்த்திருக்க வழியில்லை.

பிரவுசிங் சென்டரும் பொம்மை ஹெலிகாப்டரும்

2000-களில் ஆட்டம் கணினிக்கு மாறியபோது, காசுப் பெட்டியின் கணக்கு வேறு வடிவில் திரும்பியது. பிரவுசிங் சென்டரில் மணிக்கு இவ்வளவு என்று வாடகை. கடைக்காரருக்கும் ஆட்ட நிறுவனத்துக்கும் தொடர்பே இல்லை என்றாலும், ஆட்டத்தில் வீணாகும் ஒவ்வொரு நிமிடமும் அவருக்கு வரவு.

ராக்ஸ்டார் நிறுவனம் 2002-இல் வெளியிட்ட ஜிடிஏ வைஸ் சிட்டி தமிழ்நாட்டில் வீடு வீடாகப் போய்ச் சேர்ந்தது. அந்தத் தலைமுறையிடம் இன்றும் 'ஹெலிகாப்டர் மிஷன்' என்றால் போதும், முகம் சுளிக்கும். ஒரு வண்டிக்குள் உட்கார்ந்து ரிமோட் ஹெலிகாப்டரை இயக்கி, கட்டி முடியாத கட்டடத்துக்குள் நான்கு குண்டுகளை ஒவ்வொன்றாகக் கொண்டுபோய் வைக்க வேண்டும். நேரம் ஓடிக்கொண்டிருக்கும். மாடிப்படிச் சுவரில் உரசினால் ஹெலிகாப்டர் அடிபடும். கட்டட வேலையாட்கள் சுத்தியலோடு துரத்துவார்கள். விசைப்பலகையில் எண்கள் இருக்கும் பக்கத்துப் பொத்தான்களால் அதைத் திருப்புவதற்குள் கை பின்னிக்கொள்ளும். அதுவரை கார் ஓட்டவும் துப்பாக்கி சுடவும் பழகிய எதுவும் இங்கே உதவாது. எரிச்சலின் வேர் அதுதான்: ஆட்டம் கற்றுக்கொடுத்தது ஒன்று, கேட்ட தேர்வு வேறு. நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிவைத்திருந்த சீட் கோடுகளும் பயன்படவில்லை. 'பேன்சர்' என்று தட்டினால் டாங்கி வரும், டாங்கியால் படியேற முடியாது.

தோற்றால் மிஷனை மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். நினைத்த இடத்தில் சேமிக்க முடியாது; குறிப்பிட்ட வீடுகளுக்குள் போனால்தான் முடியும். சேமிக்கும் இடங்கள் எட்டு. பிரவுசிங் சென்டரின் ஒரே கணினியில் ஊர்ப் பையன்கள் அத்தனை பேரும் அந்த எட்டில் பங்கு போட வேண்டும். நேற்று முடித்த மிஷனின்மேல் இன்று வேறொருவர் சேமித்துவிட்டுப் போயிருப்பார். அரசுப் பள்ளி மாணவர்களுக்கு இலவச மடிக்கணினி வழங்கும் திட்டம் 2011 செப்டம்பரில் தொடங்கியபோது, பாடத்துக்கு எவ்வளவு உதவியதோ, எட்டுச் சேமிப்பும் ஒருவருக்கே கிடைத்தது உறுதி. ஆட்டம் பென் டிரைவில் வந்தது. 2004-இன் சான் ஆண்ட்ரியாஸில் ரயிலைத் துரத்தும் மிஷன் வந்து, ஹெலிகாப்டருக்குப் போட்டியாக இடம்பிடித்தது. நாம் பைக்கை எவ்வளவு ஒட்டி ஓட்டினாலும் பின்னால் உட்கார்ந்திருக்கும் கூட்டாளி பிக் ஸ்மோக் சரியாகச் சுட மாட்டான். தோற்றதும் பழியை நம்மேல் போடுவான்.

காத்திருப்பை விற்பது

2012-இல் வந்த கேண்டி கிரஷ்ஷில் ஐந்து லைஃப். போன ஒன்று திரும்ப அரை மணி நேரம். பொறுமை இல்லாதவர் பணம் கட்டலாம், அல்லது ஃபேஸ்புக் நண்பர்களிடம் கையேந்தலாம். ஆட்டம் இலவசம் என்ற நிலையில் விற்பதற்கு மிச்சமிருந்தது காத்திருப்பு மட்டுமே. எரிச்சலை முதலில் உண்டாக்கி, பிறகு அதை நீக்கிக்கொள்ள விலை வைத்தார்கள். காந்தியப் பொருளாதார அறிஞர் ஜே. சி. குமரப்பா தம் கடைசி ஆண்டுகளைக் கழித்தது டி. கல்லுப்பட்டி காந்தி நிகேதன் ஆசிரமத்தில். தேவையைச் செயற்கையாகப் பெருக்கி லாபம் பார்க்கும் பொருளாதாரத்தை வாழ்நாளெல்லாம் எதிர்த்தவர் அவர். 1960-இல் மறைந்தவருக்கு லைஃப் விற்பதை விளக்க அதிக நேரம் ஆகியிருக்காது.

2016 செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டா மலிவானபின் இந்த வகை ஆட்டங்கள் எல்லோர் கைக்கும் வந்தன. விளம்பரத்தை மூடும் பெருக்கல் குறி கண்ணுக்குத் தெரியாத அளவில் சிறுத்தது. தொட்டால் வேறெங்கோ கொண்டுபோய் விட்டது. தினமும் உள்ளே வந்தால்தான் பரிசு, ஒரு நாள் தவறினால் மறுபடி முதல் நாள். என்ன இருக்கிறதென்று தெரியாமல் பணம் கொடுத்துத் திறக்கும் பெட்டிகள் பப்ஜியிலும் ஃப்ரீ ஃபயரிலும் வந்தன. 2017-இல் ஸ்டார் வார்ஸ் பேட்டில்ஃப்ரன்ட் 2 ஆட்டத்தின் பெட்டிகளால் உலகெங்கும் எழுந்த கோபத்துக்குப் பிறகு, அடுத்த ஆண்டு பெல்ஜியம் இவற்றைச் சூதாட்டம் என்றே அறிவித்தது. இந்தியாவில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில், வாடிக்கையாளரை ஏய்க்கும் 13 வடிவமைப்பு உத்திகளைப் பட்டியலிட்டுத் தடை செய்தது. ஓயாமல் நச்சரிப்பதும், பொய்யாக அவசரப்படுத்துவதும் அதில் உண்டு. கடைகளை மனத்தில் வைத்து எழுதிய பட்டியல் என்றாலும், கைப்பேசியில் ஆடும் எவருக்கும் அதில் பாதி பழக்கமானவை.

அரசு வைத்த எரிச்சல்

பப்ஜி 2020 செப்டம்பர் 2 அன்று தடை செய்யப்பட்டு, 2021 ஜூலையில் பிஜிஎம்ஐ என்ற பெயரில் திரும்பியபோது, ஆட்டத்துக்குள் புதுவகை எரிச்சல் வந்தது. இரத்தம் பச்சையானது. 18 வயதுக்கு உட்பட்டவருக்கு நாளுக்கு மூன்று மணி நேரம்தான். பெற்றோரின் கைப்பேசிக்கு ஓடிபி போகும். 2022-இல் மறுபடி நீக்கப்பட்டு, 2023 மே மாதம் வந்தபோது பெரியவர்களுக்கும் ஆறு மணி நேர வரம்பு வைத்தார்கள்.

பணம் கட்டி ஆடும் ஆட்டங்களில் தமிழ்நாடு இன்னும் முன்னே போனது. ஆன்லைன் ரம்மியில் பணம் இழந்தோரின் தற்கொலைகளை அடுத்து வந்த 2021-ஆம் ஆண்டுத் தடைச் சட்டத்தை சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையிலான குழுவின் அறிக்கைக்குப் பிறகு 2022-இல் எழுதிய புதிய சட்டம், ஆளுநர் திருப்பி அனுப்பி, சட்டமன்றம் மறுபடி நிறைவேற்றி, 2023-இல் நடைமுறைக்கு வந்தது. அதன்கீழ் 2025 பிப்ரவரியில் வந்த விதிமுறைகளை ஒரு வடிவமைப்புக் குறிப்பாகவே வாசிக்கலாம். நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை உள்ளே நுழைய முடியாது. ஆதார் சரிபார்ப்பு வேண்டும். தொடர்ந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆடினால் அரை மணிக்கொரு தடவை எச்சரிக்கை திரையில் குதிக்கும். நுழைவுப் பக்கத்தில் இந்த ஆட்டம் அடிமையாக்கக்கூடியது என்று எழுதியிருக்க வேண்டும். ஆடுபவரை எரிச்சலாக்கி எழுந்துபோகவைப்பதே நோக்கம். நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஆட்ட நிறுவனங்கள் தங்கள் வரவுக்காகத் தீட்டிய கருவியை அரசு பிடுங்கி எதிர்ப்பக்கம் திருப்பியது என்று சொல்லலாம். ஐந்து மணி நேரப் பூட்டைவிட அந்த அரை மணி எச்சரிக்கைதான் கூர்மையான யோசனை. நிறுவனங்கள் தனியுரிமையையும் தொழில் உரிமையையும் காட்டி வழக்குப் போட்டன. 2025 ஜூன் 3 அன்று உயர் நீதிமன்றம் விதிகள் செல்லும் என்றது.

அந்த வெற்றிக்கு மூன்று மாதம்கூட ஆயுள் இல்லை. பண ஆட்டங்களையே முழுதாகத் தடை செய்யும் மத்தியச் சட்டம் 2025 ஆகஸ்ட் 22 அன்று குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்றது. பெரிய செயலிகள் உடனே பண ஆட்டத்தை நிறுத்தின. எச்சரிக்கை குதிக்க வேண்டிய திரையே இல்லாமல் போனது. பணயம் வைக்காத ஆட்டங்களை இரண்டு சட்டங்களுமே தடுக்கவில்லை. அவற்றில் லைஃப் தீர்ந்தால் இன்றும் அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும், அல்லது பணம் கட்ட வேண்டும்.